சொட்டும் குழாயும் சொல்லாத கணக்கும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் பர்லியாரில் இறங்கித் தேநீர் அருந்தாமல் போவது அரிது. கிராம்பும் சாதிக்காயும் மங்குஸ்தானும் விளையும் அரசுத் தோட்டப் பண்ணையால் பெயர் பெற்ற சிற்றூர் இது. பருவத்தில் வந்தால் பழக்கடைகளில் துரியனையும் ரம்புட்டானையும் காணலாம். பருவம் தவறி வந்தால் குரங்குகளைக் காணலாம். இப்போது இன்னொன்றும் காணலாம்: சோதனைச் சாவடி. மேலே ஏறும் வண்டிகளின் இ-பாஸையும், தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் புட்டிகள் உள்ளனவா என்பதையும் இங்கே பார்க்கிறார்கள்.

சென்ற கோடையில் நான் அங்கு நின்றபோது ஒரு கடைச் சுவரில் நீர்ச் சிக்கன அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. பல் துலக்கும்போது குழாயை மூடுக, சொட்டும் குழாயை உடனே சரிசெய்க, ஷவர்க் குளியலைக் குறைத்துக்கொள்க, புல்தரைக்கு அந்திநேரத்தில் நீர் விடுக என்று வரிசையாகப் பத்துக் கட்டளைகள். சுவருக்கு இரண்டு முழம் தள்ளி, மேலே உள்ள ஊற்றிலிருந்து இறங்கிய ஒரு கறுப்பு ஓஸ் குழாய் ஒரு பீப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தது. பீப்பாய் நிரம்பித் தண்ணீர் ஓடையாகப் பள்ளத்தில் இறங்கியது. என்னோடு பேருந்தில் வந்த பெரியவர் அதைச் சுட்டிக்காட்டி, "பாத்தீங்களா சார், நோட்டீஸ் ஒட்டி வச்சிருக்காங்க, தண்ணி பாட்டுக்கு வீணாப் போகுது!" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். ஓட்டுநர் ஒலியெழுப்பிவிட்டார். அன்று சொல்ல முடியாத பதில்தான் இக்கட்டுரை.

பதில் இதுதான்: அந்த ஓஸ் குழாயில் ஏறத்தாழ எதுவும் வீணாகவில்லை. வீணானது அந்த நோட்டீசில்தான்.

வாசகர்கள் வியக்க வேண்டாம். தண்ணீர் 'வீண்' ஆயிற்று என்று சொல்லும்போது நாம் மூன்று வெவ்வேறு செய்திகளை ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். தண்ணீர் அது இருந்த இடத்திலிருந்து அகன்றதா? திரும்ப எடுக்க முடியாத இடத்துக்குப் போயிற்றா? திரும்பிப் போகும்போது அழுக்காகிப் போயிற்றா? பர்லியார் ஊற்றின் தண்ணீர் மண்ணின் ஈர்ப்பால் தானே இறங்கிற்று. அதை ஏற்ற ஓர் அலகு மின்சாரமும் செலவாகவில்லை. பீப்பாயில் வழிந்தது சில அடி தள்ளிப் பள்ளத்தில் சேர்ந்து, குன்னூரிலிருந்து இறங்கும் ஆற்றோடு மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலக்கும். ஓஸ் குழாய் இல்லாவிட்டாலும் அது அவ்வழியேதான் போயிருக்கும்.

மேலே குன்னூரில் நிலைமை வேறு. ரேலியா அணையில் தேக்கி, குழாயில் கொண்டுவந்து, தூய்மை செய்து, மேட்டுக்கும் பள்ளத்துக்குமாகப் பகிர்ந்து தரும் தண்ணீர் அது. இடைவெளி விட்டுத் தண்ணீர் விடுவது அவ்வூர் மக்களுக்குப் புதிதல்ல. அந்தத் தண்ணீர் கழிவாகிச் சாக்கடை வழியே ஆற்றில் இறங்கினால், அதன் பயனை அனுபவிப்பவர்கள் கீழே இருப்பவர்கள்தாம். குன்னூர் நகரத்துக் கழிவு ஆற்றில் கலப்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் குறை. பர்லியார்ப் பள்ளத்தாக்குக்கு மேலூரின் சிக்கனம் எத்தனை லிட்டர் என்பதைவிட, மேலூர் எதைத் திருப்பி அனுப்புகிறது என்பதே முதல் கேள்வி. பத்துக் கட்டளைகளில் ஒன்றேனும் இதைப் பற்றிப் பேசுகிறதா? இல்லை.

பட்டியலை எடைபோடுவோம்

அந்த நோட்டீசை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எந்த ஊரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று சொல்லிவிடலாம். புல்தரை, ஷவர், தொட்டிக் குளியல் ஆகியவை உள்ள ஏதோ ஒரு மேனாட்டு நகரை. நம் வீடுகளில் பெரும்பாலோர் வாளியும் செம்பும் கொண்டு குளிப்பவர்கள். பதினைந்து லிட்டர் வாளி பதினைந்து லிட்டர்தான். குளிக்கும் நேரத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் அளவு மாறாது. நம் பாட்டிமார் தம்மை அறியாமலே கையாண்ட இந்த அளவுகருவியை நோட்டீஸ் கண்டுகொள்ளவேயில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பெண், பொதுக்குழாயில் நான்கு குடம் பிடித்து இடுப்பில் சுமந்து ஏறுகிறவள், 'ஷவர்க் குளியலைக் குறைத்துக்கொள்க' என்ற வரியைப் படித்தால் என்ன நினைப்பாள்? தனக்கு எழுதப்பட்டதல்ல என்று சரியாகவே நினைப்பாள்.

சொட்டும் குழாய்க்கு வருவோம். இயற்பியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் சொட்டு முறையால் நீரின் பரப்பு இழுவிசையை அளந்திருப்பார்கள். அதே கணக்கைத் திருப்பிப் போடுவோம். குழாய் வாயில் தொங்கும் சொட்டைத் தாங்குவது அதன் விளிம்பைச் சுற்றியுள்ள பரப்பு இழுவிசை. விளிம்பின் ஆரம் 3 மில்லிமீட்டர் என்றும், நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன் என்றும் கொண்டால், தாங்கக்கூடிய எடை சுமார் 0.14 கிராம். சொட்டு அறுந்து விழும்போது முழுவதும் விழுவதில்லை. பத்தில் ஆறு பங்கு விழும், மீதி வாயிலேயே தங்கிவிடும். ஆக ஒரு சொட்டு ஏறத்தாழ 0.08 கிராம். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளின் 86,400 விநாடிகளுக்கு ஏறக்குறைய 7 லிட்டர்.

அதாவது அரைக் குடம். ஓர் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர். 'ஆயிரக்கணக்கான லிட்டர் வீண்' என்று நோட்டீஸ் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஓராண்டுக் கணக்கை ஒரு நாள் கணக்குப் போலத் தொனிக்கச் செய்திருக்கிறார்கள். வாஷர் மாற்றுவது நல்லதுதான். மாற்றுங்கள். அதோடு ஊரின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

அடுத்தது தங்கும் விடுதிகளின் துண்டு அட்டை. குன்னூரில் ஒரு விடுதியில் தங்கியபோது குளியலறையில் அழகிய அட்டை ஒன்றைக் கண்டேன். துண்டைக் கொடியில் போட்டால் மறுநாளும் பயன்படுத்துவேன் என்று பொருள், தரையில் போட்டால் துவைக்கக் கொடுக்கிறேன் என்று பொருள், நீலகிரியின் நீரைக் காப்போம் என்று எழுதியிருந்தது. இவ்வகை அட்டைகள் எவ்வளவு பயன் தருகின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவீசியஸ் ஆகியோர் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். 'சுற்றுச்சூழலைக் காப்பீர்' என்ற வழக்கமான அட்டைக்கு ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் இணங்கினர். 'இங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்துகின்றனர்' என்ற அட்டைக்கு 44 விழுக்காட்டினர் இணங்கினர். 'இதே அறையில் தங்கியவர்கள்' என்று சொன்னபோது அது 49 ஆயிற்று. மனிதன் அறிவுரையைவிட அண்டை வீட்டானைப் பார்த்தே நடக்கிறான் என்பதற்கு நல்ல சான்று.

ஆனால் லிட்டர் எவ்வளவு? அரைக் கிலோ துண்டைத் துவைக்க, கிலோவுக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏழரை லிட்டர். இந்திய தர நிர்ணய ஆவணம் சாதாரண விடுதிக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்றும், ஐந்து நட்சத்திர விடுதிக்கு 320 லிட்டர் என்றும் கணக்கிடுகிறது. எல்லா விருந்தினரும் இணங்கினாலும் 180-இல் ஏழரை என்பது நான்கு விழுக்காடு. பாதிப் பேர் இணங்கினால் இரண்டு. அந்த இரண்டு விழுக்காட்டுக்கு அச்சிட்ட அட்டையும், விடுதியின் பெயரும், பசிய இலைப் படமும்!

அதே குளியலறையில் அட்டை பேசாத ஒன்று நடந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். குளிர்ந்த நீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. மலையில் தங்கியவர்களுக்கு இது பழகிய அனுபவம். கொதிகலன் ஒரு மூலையில், அறை இன்னொரு மூலையில். இடையில் 40 மீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாய் என்று கொள்வோம். அதில் நிற்கும் ஆறிய நீர் பன்னிரண்டரை லிட்டர். வெந்நீர் வருமுன் இத்தனையும் சாக்கடைக்குப் போகிறது, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. துண்டைத் துவைக்காமல் விட்டுச் சேமித்ததைப் போல மும்மடங்கு! இதைத் தடுப்பது விருந்தினரின் நல்லெண்ணம் அல்ல. குழாய்க்கு வெப்பக்காப்பு உறை சுற்றுவதோ, கொதிகலனை அருகில் வைப்பதோ விடுதிக்காரர் செய்ய வேண்டிய வேலை. அதுவரை, குழாயடியில் ஒரு வாளி வைக்கச் சொல்லியாவது அட்டையில் எழுதியிருக்கலாம்.

ஆர்.ஓ. கருவியைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக் கருவி ஒரு லிட்டர் நல்ல நீர் தரும்போது இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுவது வழக்கம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபொருள் உள்ள நீருக்கு இக்கருவி வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. நீலகிரியின் ஊற்றுநீர் உப்பே இல்லாத மென்னீர். அதைக் கிருமி நீக்கிக் குடிக்கலாம். உப்பு நீக்க அதில் என்ன இருக்கிறது?

மண்ணுக்கடியில் நடப்பது

இனி, நோட்டீஸ் தொடாத இடத்துக்கு வருவோம். மலையூரின் குழாய் சமவெளிக் குழாய் போன்றதல்ல. நீர்த்தேக்கம் மேட்டில், வீடு பள்ளத்தில். உயர வேறுபாடு பத்து மீட்டருக்கு ஒன்று வீதம் குழாயில் வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஐம்பது மீட்டர் இறக்கத்தில் ஐந்து மடங்கு. இந்தக் குழாயில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை விழுந்தால் என்ன ஆகும்?

பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டிய விதிப்படி, நீர் வெளிப்படும் வேகம் அதே உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகத்துக்குச் சமம். 50 மீட்டருக்கு அது விநாடிக்கு 31 மீட்டர். துளையின் பரப்பையும், நீர்த்தாரை சுருங்குவதற்கான 0.6 என்ற எண்ணையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 8 லிட்டர். ஒரு நாளைக்கு 11,000 லிட்டருக்கும் மேல்!

ஒரு நெல்மணியின் தடிமன்தான் அந்தத் துளை. ஆனால் அது சொட்டும் குழாய்கள் ஆயிரத்து அறுநூறுக்குச் சமம். நாட்டுப்புறக் குடும்பங்களுக்கு ஆளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் இலக்கு வைத்துள்ளது. அக்கணக்கில் இருநூறு பேரின் ஒரு நாள் தண்ணீர். நாளெல்லாம் நீர் நிற்கும் முதன்மைக் குழாய்க்கு இந்தக் கணக்கு. ஆறு மணி நேரமே நீர் விடும் தெருக்குழாய் என்றால் கால்பங்கு. அப்போதும் ஐம்பது பேரின் தண்ணீர். சரளையும் பாறை இடுக்கும் நிறைந்த மலைச்சரிவில் இந்தக் கசிவு மேலே வந்து தலைகாட்டாமல் உள்ளுக்குள்ளேயே இறங்கிவிடும். தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது பீப்பாயில் வழியும் ஓஸ் குழாய்தான். ஆகவே அவர் அதைத் திட்டுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீர் வெளியேறும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இடையில் ஒரு தொட்டி கட்டி அழுத்தத்தை உடைத்து, 50 மீட்டர் இறக்கத்தைப் பன்னிரண்டரை மீட்டராகக் குறைத்தால், ஒரு துளையைக்கூட அடைக்காமலேயே கசிவு பாதியாகிவிடும். இதைச் செய்ய வேண்டியது நகராட்சியின் பொறியாளர். நோட்டீஸ் படிக்கும் இல்லத்தரசி என்ன நல்லெண்ணம் கொண்டாலும் அவரால் இதைச் செய்ய முடியாது.

இடைவெளி விட்டு நீர் விடுவதால் இன்னொரு கேடும் உண்டு. சரிவான குழாய் வடியும்போது மேட்டுப் பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கும். நீர் வெளியே கசிந்த அதே துளை இப்போது வெளியில் உள்ளதை உள்ளே இழுக்கும். அருகில் சாக்கடை இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் முதல் தண்ணீரை நம் பெண்கள் குடத்தில் பிடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். புதுத் தண்ணீர் வந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிவிடுவதும் உண்டு. நோட்டீஸ் இதைப் 'பொறுப்பின்மை' என்று சொல்லக்கூடும். நான் அனுபவ அறிவு என்பேன். அடுத்த தண்ணீர் எந்நாள் வரும் என்பது உறுதியாகத் தெரிந்தால் யாரும் கொட்ட மாட்டார்கள்.

யாரை வேண்டுகிறோம்?

நீலகிரியில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் காலமும் ஆட்கள் மிகுந்திருக்கும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. குன்னூர்ப் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் நவம்பரில். ஊற்றுகள் மெலிவது கோடையில். உதகை மலர்க் காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காப் பழக் காட்சியும் மே மாதத்தில்.

சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். ஒரு வண்டிக்கு நால்வர், அவர்களில் பாதிப் பேர் இரவு தங்குகிறார்கள் என்று என் ஊகமாக ஒரு கணக்குப் போடுகிறேன். 8,000 வண்டியில் தங்குவோர் 16,000 பேர். படுக்கைக்கு 180 லிட்டர் வீதம் ஏறத்தாழ 29 லட்சம் லிட்டர், ஒரே நாளுக்கு. சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்ட 2019-இல், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஐம்பது வேகன்களில் அது கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். மலைமேல் ஒரு சனிக்கிழமை இரவு அந்த ரயிலைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது. (முன்சொன்ன நெல்மணித் துளைகள் இருநூற்றிருபது இருந்தாலும் ஒரு நாளில் அந்த ரயில் காலியாகும்.)

பர்லியார்ச் சாவடியில் வண்டியை எண்ணுகிறோம். புட்டியை எண்ணுகிறோம். ஆனால் அந்த வண்டியில் வந்தவர் தங்கிய விடுதி சென்ற மே மாதம் எத்தனை லிட்டர் எடுத்தது, இந்த மே மாதம் எத்தனை எடுத்தது என்று அறையில் வைத்த அட்டை சொல்வதில்லை. முன்னும் பின்னும் அளவு சொல்லாத சிக்கனத்தை எப்படி மெச்சுவது? எப்படிக் குறை சொல்வது? என் மாணவன் தொடக்க அளவீட்டையும் இறுதி அளவீட்டையும் எழுதாமல் 'சோதனை நன்கு நடந்தது' என்று பதிவேட்டில் எழுதினால் நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.

தன்னார்வமே பயனற்றது என்கிறேனா என்றால், இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-இல் குழாய்கள் அடைபடும் நாளை எதிர்நோக்கி நின்றது. பிப்ரவரி முதல் ஆளொன்றுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகளில் நகரின் பயன்பாடு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. மக்கள் கழுவிய நீரைச் சேர்த்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். ஆனால் அந்த நல்லெண்ணத்துக்குப் பின்னால் என்னென்ன இருந்தன? அணைகளின் மட்டம் வாரந்தோறும் வெளியிடப்பட்டது. எந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்பது வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. மிகுதியாக எடுத்தவர்க்குக் கட்டணம் ஏறிற்று, குழாயில் தடுப்புக் கருவி பொருத்தப்பட்டது. குழாய் அழுத்தமும் குறைக்கப்பட்டது. பின்னர் மழையும் கை கொடுத்தது. இத்தனையையும் விட்டுவிட்டு 'மக்கள் மனம் வைத்தார்கள்' என்ற ஒற்றை வரியை மட்டும் நாம் இங்கே இறக்குமதி செய்கிறோம்.

பெங்களூரு 2024 மார்ச்சில் வேறு வழி சென்றது. குடிநீரால் வண்டி கழுவினாலோ தோட்டத்துக்கு விட்டாலோ 5,000 ரூபாய் அபராதம். விடுதிகள், வணிக வளாகங்களின் குழாய்களில் காற்றுக் கலக்கும் மூடி கட்டாயம். இம்மூடி கை கழுவும் இடத்தில் நல்ல பயன் தரும். வாளி நிரப்பும் இடத்தில் வாளி மெதுவாக நிரம்பும், அவ்வளவே. எந்தக் கருவிக்கும் அதற்கான இடம் உண்டு. அந்த இடத்தைச் சொல்லாத அறிவுரை அரை அறிவுரை.

நம் நாட்டிலேயே குடிமராமத்து இருந்தது. ஏரியைத் தூர் வாரவும் கரையை உயர்த்தவும் ஊரார் கூடி உழைத்தனர். அதைத் தன்னார்வம் என்று இன்று புகழ்கிறோம். உண்மையில் அது மடைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு குறித்த கடமை. யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். நீர் திறந்துவிட நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் பொறுப்பு. பெரிய நிலக்காரர் வயல் என்பதற்காக அளக்காமல் விடலாகாது என்பதே முறையின் உயிர். (நடைமுறையில் பெரியவர் வாய்க்கால் சற்று அகலமாக இருந்திருக்கும் என்பதை நானும் அறிவேன்.) 1858-இல் ஆங்கில அரசு இதைச் சட்டமாக்கிக் கட்டாய உழைப்பு என்று பெயரிட்டது தனிக்கதை.

மழைநீர்த் தொட்டியும் மலைச்சரிவும்

சமவெளியின் அறிவுரையை அப்படியே மலையேற்றுவதால் வரும் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழக அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னை மணலில் குழி தோண்டிக் கூரை நீரை இறக்கினால் கிணற்று மட்டம் உயரும். நல்ல திட்டம். அதைப் பார்த்து நீலகிரிச் சரிவில், தடுப்புச் சுவருக்குப் பின்னால், குழி தோண்டி நீரை இறக்குவது அறிவுடைமை ஆகுமா? மண் துகள்களின் இடைவெளியில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கிறது. சரிவு நகர்கிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்நாள்களின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மழையைச் சுவருக்குப் பின்னால் குழிக்குள் விடச் சொல்லும் நோட்டீசை நான் கண்டால் கிழித்தெறிவேன்.

மலைக்கு ஏற்றது குழி அல்ல, தொட்டி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சரியாக ஒரு லிட்டர். மாணவர்கள் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. 40 சதுர மீட்டர் கூரைக்கு 300 மில்லிமீட்டர் மழை போதும், 12,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் தொண்ணூறு நாளைக்கு வேண்டியது 9,000 லிட்டர். மூடிய தொட்டி ஒன்று இருந்தால் லைன் வீட்டுக்குக் கோடையைக் கடக்க அது போதும். ஆனால் அத்தொட்டிக்குப் பணம் யார் தருவது? கூரை தோட்ட உரிமையாளருடையது. குடியிருப்பவர் தொழிலாளி. 'தானே முன்வந்து' யார் கட்டுவது? நோட்டீஸ் இக்கேள்வியைத் தொழிலாளியைப் பார்த்துக் கேட்கிறது.

விமர்சனம் செய்வது எளிது, நீ என்ன செய்தாய் என்று வாசகர் கேட்கலாம். நியாயம். எங்கள் கல்லூரி மாணவர் விடுதியிலும் 'நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர்' என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு இளநிலை இரண்டாமாண்டு மாணவர்கள் சிலருடன் ஓர் எளிய சோதனை செய்தேன். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள மேல்நிலைத் தொட்டியில் ஒரு மரக்கோலை நிறுத்தி, இரவு பதினொரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களும் மூடியுள்ளனவா என்று பார்த்து, மட்டத்தைக் குறித்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு யாரும் எழுமுன் மறுபடி பார்த்தோம். 12 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. 720 லிட்டர். யாரும் குளிக்கவில்லை, யாரும் பல் துலக்கவில்லை.

எங்கே போயிற்று என்று தேடினோம். ஒரு குழாயும் சொட்டவில்லை. கழிப்பறைத் தொட்டிகளில் சிறிது நீலம் கலக்கிவிட்டுக் காத்திருந்தோம். பதினான்கில் ஐந்தின் பீங்கானில் நீலம் இறங்கி வந்தது. ஓசையே இல்லாமல், கண்ணாடித் தகடு போல் நீர் வழிந்துகொண்டிருந்தது. அடைப்பு ரப்பர்களை மாற்றச் செய்தோம். மறுவாரம் அதே நேரத்தில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கிற்று. அந்த ஒன்று இன்னும் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவில்லை. சுவருக்குள் ஓடும் குழாயில் என்று ஒருவன் சொல்கிறான், தொட்டியின் அடியிலேயே என்று இன்னொருவன். பலகையை எடுக்கவில்லை. அதன் கீழே ஒரு கரும்பலகைத் துண்டை ஆணியடித்து, வாரந்தோறும் இரவு மட்டம் எவ்வளவு இறங்கியது என்று மாணவர்களே சுண்ணக்கட்டியால் எழுதிவருகிறார்கள். சென்ற வாரத்து எண் ஒன்றரை. இரண்டாவது மாடியில் மறுபடி நீலம் கலக்கியிருக்கிறார்கள்.